காற்றைக் கேட்டு நாள் குறியுங்கள்: ராமநாதபுரம் கரையில் முதல் 200 கிலோமீட்டர்

ராமநாதபுரம் மாவட்டத்தின் கரையோரத்தில் மேடு என்று சொல்ல ஒன்றும் கிடையாது. பாம்பன் சாலைப் பாலத்தின் முதுகுதான் இந்தப் பக்கத்தில் உள்ள பெரிய ஏற்றம். சைக்கிள் பழகத் தொடங்கி, ஏதாவது ஒரு நீண்டதூர நிகழ்வில் பேர் கொடுக்கலாமே என்று நினைப்பவர்களுக்கு இது பெரிய ஆறுதலாகத் தெரியும். ஊட்டிக்காரர்களும் ஏற்காட்டுக்காரர்களும் மலை ஏறட்டும், நமக்குச் சமதரை, மிதித்தால் வண்டி போகும் என்று கணக்குப் போடுவார்கள். அந்தக் கணக்கில் காற்றைச் சேர்த்திருக்க மாட்டார்கள். இந்தக் கரையில் காற்றுதான் மலை. எவ்வளவு பயிற்சி எடுத்தீர்கள் என்பதற்கு முன்னால், எந்த மாதம், எந்தத் திசை, எத்தனை மணிக்கு என்பதை முடிவுசெய்ய வேண்டும்.

முதலில் எந்த மாதிரி நிகழ்வு என்று பார்ப்போம். புதியவர்களுக்குக் கிடைப்பவை பெரும்பாலும் மூன்று வகை. ஊர்க் குழுக்கள் நடத்தும் 20 முதல் 50 கிலோமீட்டர் வரையிலான கூட்டுப் பயணங்கள், நேரத்தை அளக்கும் குறுந்தூரப் போட்டிகள், பிறகு குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நீண்டதூர ஓட்டமான பிரெவே. முதல் வகைக்கு விளக்கம் தேவையில்லை, போய்க் கலந்துகொள்ளுங்கள். இரண்டாவது வகையை ஒரு வருடம் ஓட்டிவிட்டுப் பார்த்துக்கொள்ளலாம். சாதாரணமாக வேலைக்குப் போகிற, நாற்பது வயதானாலும் உடம்பைக் கொஞ்சம் கவனிக்கிற ஒருவருக்குப் பொருத்தமானது பிரெவே என்பது என் உறுதியான எண்ணம்.

பிரெவே போட்டி அல்ல. பாரிஸில் உள்ள ஆடாக்ஸ் கிளப் பரீசியன் வகுத்த விதிப்படி, இந்தியாவில் ஆடாக்ஸ் இந்தியா ராண்டனர்ஸ் அமைப்பின் கீழுள்ள குழுக்கள் இதை நடத்துகின்றன. 200 கிலோமீட்டரை 13 மணி 30 நிமிடத்துக்குள், 300-ஐ 20 மணிக்குள், 400-ஐ 27 மணிக்குள், 600-ஐ 40 மணிக்குள் முடிக்க வேண்டும். இந்த நான்கையும் ஒரே பருவத்தில் முடித்தவர் சூப்பர் ராண்டனர். பருவம் நவம்பரில் தொடங்கி அக்டோபரில் முடியும். முதலில் வந்தவர், கடைசியில் வந்தவர் என்ற பேச்சே இல்லை. நேரத்துக்குள் வந்தீர்களா என்பது ஒன்றுதான் கேள்வி. வழியில் கண்ட்ரோல் என்ற இடங்கள் இருக்கும். அங்கே கார்டில் முத்திரை வாங்க வேண்டும், அல்லது கடை ரசீதோ புகைப்படமோ சான்றாகக் கேட்பார்கள். கண்ட்ரோல் தவிர வேறெங்கும் உங்களுக்காகக் கார் பின்னால் வந்து தண்ணீர் தரக் கூடாது. ஹெல்மெட், முன் விளக்கு, பின் விளக்கு, ஒளி பிரதிபலிக்கும் மேல்சட்டை ஆகியவை இல்லாவிட்டால் கிளம்ப விடமாட்டார்கள்.

இப்போது காற்றுக் கணக்கு. 200 கிலோமீட்டர் பிரெவேயின் குறைந்தபட்ச வேகம் மணிக்கு 15 கிலோமீட்டர். 100-வது கிலோமீட்டரில் கண்ட்ரோல் இருந்தால் அது 6 மணி 40 நிமிடத்தில் மூடும், 150-ல் இருந்தால் 10 மணியில் மூடும். காற்றில்லாத காலையில் சமதரையில் 25 கிலோமீட்டர் வேகத்தில் போகிற ஒருவர், அதே உழைப்பில் 20 கிலோமீட்டர் வேக எதிர்காற்றில் போனால் வேகம் ஏறக்குறைய 15-க்கு இறங்கிவிடும். எதிர்காற்று 30 ஆனால் 11, 12-தான். அதாவது நல்ல பழக்கம் உள்ளவரைக்கூட ஒரு நடுத்தரக் காற்று நேரக்கெடுவின் விளிம்பில் கொண்டுபோய் நிறுத்திவிடும்.

திரும்பி வரும்போது அதே காற்று முதுகில் தள்ளுமே, சரியாகிவிடாதா? ஆகாது. நூறு கிலோமீட்டர் தள்ளுகாற்றில் 37, 38 வேகத்தில் வந்தால் சுமார் 2 மணி 40 நிமிடம். எதிர்காற்றில் 15 வேகத்தில் போன நூறு கிலோமீட்டருக்கு 6 மணி 40 நிமிடம். மொத்தம் 9 மணி 20 நிமிடம். காற்றே இல்லாமல் 25 வேகத்தில் இரண்டு பக்கமும் ஓட்டியிருந்தால் 8 மணி நேரம்தான். எதிர்காற்றில் கழிக்கும் நேரம் அதிகம், தள்ளுகாற்றை அனுபவிக்கும் நேரம் குறைவு, அதனால் கடன் முழுதாகத் திரும்பி வராது. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கமாக ஏறுவதால், எதிர்காற்றில் முரட்டுத்தனமாக மிதித்துப் பலனில்லை. மணிக்கு 2 கிலோமீட்டர் கூட்டுவதற்காகத் தொடையை எரித்துக்கொள்வீர்கள். கியரை இரண்டு பல் இறக்குங்கள், நிமிடத்துக்கு 80 முதல் 90 சுற்று என்ற கணக்கில் கால் சுழலட்டும், முழங்கையை மடக்கி உடம்பைத் தாழ்த்துங்கள், வேகமானியைப் பார்க்காதீர்கள். பக்கத்தில் வருபவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிகிற அளவில் மூச்சு இருந்தால் சரி. இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் அந்த வேகம் உங்களுடையது அல்ல.

மீனவர்கள் சொல்கிற இரண்டு காற்றைத்தான் நாமும் பார்க்க வேண்டும். வைகாசி கடைசியிலிருந்து ஆவணி, புரட்டாசி வரை தென்மேற்கிலிருந்து கச்சான். ஐப்பசிக்குப் பிறகு வடகிழக்கிலிருந்து வாடை. கச்சான் காலத்தில் ராமநாதபுரத்திலிருந்து கிழக்கே ராமேஸ்வரத்துக்குப் போவது பறப்பது மாதிரி இருக்கும். மதியத்துக்கு மேல், வெயிலில், தண்ணீர் தீர்ந்த நேரத்தில், அதே சாலையில் மேற்கே திரும்ப வேண்டும் என்பதை அந்த நேரத்தில் யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. ஆனி, ஆடியில் பயிற்சி செய்கிறவர்கள் கிழக்கே போகாமல் முதலில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி என்று தென்மேற்காகப் போய்த் திரும்புங்கள். வாடைக் காலத்தில் நேர்மாறு: காலையில் மண்டபம், பாம்பன் பக்கம் எதிர்காற்றில் போய்விட்டு, களைத்த பிறகு காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு வீடு வரலாம். புத்துணர்ச்சியாக இருக்கும்போது எதிர்காற்று, சோர்ந்த பிறகு தள்ளுகாற்று, இதை மாற்றவே கூடாது. இரவில் தரை குளிர்ந்து காற்று அடங்கியிருக்கும், காலை 10 மணிக்குமேல் கடற்காற்று எழும். எதிர்காற்றுப் பகுதியை அதற்குள் கடந்துவிட வேண்டும். கைபேசியில் காற்று முன்னறிவிப்பு பார்க்கும்போது சராசரி வேகத்தோடு, திடீரென்று வீசும் வீச்சு எவ்வளவு என்பதையும் பாருங்கள். சராசரியே 30 என்று காட்டினால் அன்றைக்கு விட்டுவிடுவது நல்லது.

நிகழ்வின் பாதையை நடத்துபவர்கள் முடிவுசெய்வார்கள், நாம் மாற்ற முடியாது. மாதத்தைத் தேர்ந்தெடுக்கலாம். இந்தக் கரையில் முதல் 200-க்குத் தை, மாசிதான் ஏற்றது. மழை ஓய்ந்திருக்கும், வாடை தணிந்திருக்கும், வெயில் இன்னும் ஏறியிருக்காது. தை அமாவாசை நாளை மட்டும் விட்டுவிடுங்கள். அன்றும் ஆடி அமாவாசையிலும் ராமேஸ்வரம் சாலை முழுக்க வேனும் பேருந்தும்தான். சாதாரண நாளிலேயே இரவெல்லாம் ஓட்டி வந்த சுற்றுலா வேன்கள் விடியற்காலையில் உச்சிப்புளி, மண்டபம் பகுதியைக் கடக்கும், ஓட்டுநருக்குத் தூக்கம் கண்ணைச் சுழற்றும் நேரம் அது. பின் விளக்கு எரிகிறதா என்று இரண்டு முறை பார்த்துவிட்டுத்தான் அந்தச் சாலையில் ஏற வேண்டும்.

பாம்பன் சாலைப் பாலம் 1988-ல் திறக்கப்பட்டது, இரண்டே கால் கிலோமீட்டருக்குச் சற்று அதிக நீளம். பக்கக்காற்றை அங்கே படித்துக்கொள்ளலாம். பேருந்து ஒன்று உங்களைக் கடக்கும்போது சில நொடிகள் அது காற்றை மறைக்கும். நீங்கள் காற்றுக்கு எதிராகச் சாய்ந்திருப்பீர்கள், மறைவு வந்ததும் அந்தச் சாய்வில் பேருந்தின் பக்கம் இழுக்கப்படுவீர்கள், பேருந்து தாண்டியதும் காற்று மறுபடி அறைந்து கைப்பிடிச் சுவர் பக்கம் தள்ளும். பின்னால் ஹாரன் கேட்டவுடன் ஹேண்டில்பாரை இறுக்காமல் முழங்கையைத் தளர்த்தி வைத்துக்கொள்ளுங்கள். ஓரத்தை ஒட்டிப் போகாமல் இருபக்கமும் ஒரு முழம் நகர இடம் விட்டுப் போங்கள். பாலத்தில் இருவர் சேர்ந்து போகவே கூடாது. கடலையும் ரயில் பாலத்தையும் பார்க்கக் காரை நடுவில் நிறுத்திக் கதவைத் திறப்பவர்கள் எப்போதும் உண்டு. உயரமான ரிம் உள்ள சக்கரங்கள் இந்தக் கரைக்கு ஆகாது. காற்று அந்த ரிம்மைப் பாய்மரம்போலப் பிடித்து முன்சக்கரத்தைத் திருப்பிவிடும்.

ராமேஸ்வரம் தாண்டி அரிச்சல்முனை வரை நீளும் சாலையில் நிழல் கிடையாது. 1964 புயலுக்குப் பிறகு பல பத்தாண்டுகள் தனுஷ்கோடிக்கு முழுச் சாலை இல்லை. முனை வரையிலான இப்போதைய சாலை 2017-ல் திறக்கப்பட்டது. இரண்டு பக்கமும் கடல், தார்மேல் மணல். மணல் திட்டு கண்ணில் பட்டதும் முன் பிரேக்கை விட்டுவிடுங்கள், ஹேண்டில்பாரைத் திருப்பாதீர்கள், நேராக உருட்டிக் கடந்துவிடுங்கள். மணல்மேல் முன் பிரேக் பிடித்தாலோ வளைத்தாலோ விழுவது உறுதி. குடிநீரை ராமேஸ்வரத்திலேயே நிரப்பிக்கொள்ள வேண்டும். இருட்டிய பிறகு அந்தப் பக்கம் விடுவதில்லை என்பதால் மாலைக்கு மேல் அங்கே போகிற திட்டம் வேண்டாம். ராமநாதபுரத்திலிருந்து முனை வரை போய்த் திரும்பினால் ஏறக்குறைய 150 கிலோமீட்டர். 200-க்கு முந்தைய கடைசிப் பெரிய பயிற்சிக்கு இதைவிட நல்ல பாதை தெரியவில்லை.

சைக்கிள் எது என்று கேட்பவர்கள் அதிகம். பிரெவேக்கு எந்தச் சைக்கிளும் சரி. ஹைபிரிட் இருந்தால் அதிலேயே ஓட்டலாம். குண்டு டயர் போட்ட மலைச் சைக்கிள் இருந்தால் டயரை மட்டும் ஒன்றரை அங்குல வழவழப்பான டயராக மாற்றுங்கள், பாதி பாரம் குறைந்த மாதிரி இருக்கும். வண்டியின் விலையைவிட முக்கியமானது சீட் உயரம். சுவரில் முதுகை ஒட்டி நின்று, தொடைகளுக்கு நடுவே ஒரு தடித்த புத்தகத்தைச் சீட் மாதிரி இறுக்கி வைத்து, அதன் மேல்விளிம்பிலிருந்து தரைவரை அளந்துகொள்ளுங்கள். அந்த அளவை 0.883-ஆல் பெருக்கினால், இரண்டு பெடல் தண்டுகளும் சேரும் நடு அச்சின் மையத்திலிருந்து சீட்டின் மேல்பகுதி வரை வைக்க வேண்டிய உயரம் வரும். 78 சென்டிமீட்டர் என்றால் ஏறக்குறைய 69. இது தொடக்கம்தான், பிறகு அரை சென்டிமீட்டர் அரை சென்டிமீட்டராக மாற்றிப் பாருங்கள். முழங்காலின் முன்பக்கம் வலித்தால் சீட் தாழ்வு, பின்பக்கம் இழுத்தால் உயரம். இடுப்பு இரண்டு பக்கமும் ஆடினாலும் உயரம்தான். கை மரத்துப்போனால் பெரும்பாலும் சீட்டின் மூக்கு கீழே சாய்ந்து உங்கள் பாரம் முழுவதும் உள்ளங்கையில் விழுந்திருக்கும்.

டயர் பற்றி இந்த மாவட்டத்துக்கென்றே தனியாகச் சொல்ல வேண்டியது உண்டு: சீமைக்கருவேலம். சாலையோரமெல்லாம் அதுதான். கரிமூட்டத்துக்கு வெட்டி டிராக்டரில் ஏற்றிப் போகும்போது கிளை உதிர்ந்து தார்மேல் கிடக்கும். அதன் முள் சாதாரணச் சைக்கிள் டயரை ஊசிபோல் துளைத்துவிடும். 23, 25 மில்லிமீட்டர் டயரை இங்கே ஓட்டாதீர்கள். 28 அல்லது 32, உள்ளே பஞ்சர் தடுப்புப் பட்டை உள்ளதாக வாங்குங்கள். 70 கிலோ எடையுள்ளவர் 28-க்கு 70 முதல் 80 பி.எஸ்.ஐ., 32-க்கு 55 முதல் 65 வைக்கலாம். ஓய்வெடுக்க நிறுத்தும்போது சைக்கிளை மண்ணில் உருட்டிக்கொண்டு போகாமல் தூக்கிக்கொண்டு போங்கள். பஞ்சரில் பாதி அந்த நாலடி மண்ணில்தான் நடக்கிறது.

முள் குத்தினால் செய்ய வேண்டியதில் பலர் விடும் ஒரு படி இருக்கிறது. டியூபைக் கழற்றி, புது டியூப் போட்டு, காற்றடித்துக் கிளம்புவார்கள், ஒரு கிலோமீட்டரில் மறுபடி தட்டையாகும். முள்ளின் தலை வெளியே ஒடிந்துபோய், நுனி மட்டும் டயருக்குள் நின்றிருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. முதலில் பழைய டியூபில் காற்றடித்து ஓட்டையைக் கண்டுபிடியுங்கள். வால்விலிருந்து அது எவ்வளவு தூரம் என்று பார்த்து, டயரில் அதே இடத்தைத் தேடுங்கள். டயரை மாட்டும்போதே அதன் பெயர் எழுதிய இடம் வால்வுக்கு நேராக வரும்படி மாட்டியிருந்தால் இந்தத் தேடல் ஒரு நிமிடத்தில் முடியும். விரலால் தடவாதீர்கள், இந்த முள் குத்தினால் விரல் வீங்கிவிடும். பருத்தித் துணியை டயரின் உட்புறம் முழுவதும் ஒரு சுற்று இழுத்தால் முள் இருக்கும் இடத்தில் நூல் சிக்கும். முள்வாங்கியால் பிடித்து இழுத்துவிடுங்கள். முள்வாங்கி இல்லாமல் இந்த மாவட்டத்தில் சைக்கிள் பை கட்டக் கூடாது. ஓட்டை ஒன்றுக்குப் பக்கத்திலேயே இரண்டாவது இருக்கலாம், எனவே ஒரு முள் கிடைத்ததும் நிறுத்தாமல் முழுச் சுற்றையும் முடியுங்கள். பிறகு புது டியூபில் வடிவம் வரும் அளவு மட்டும் காற்று வைத்து உள்ளே நுழைத்து, டயரின் கடைசிப் பகுதியைக் கையால் ஏற்றுங்கள். டயர் கழற்றும் லீவரால் ஏற்றினால் டியூபைக் கடித்துவிடும்.

இன்னொன்று வால்வு. நல்ல சைக்கிள்களில் ஒல்லியான பிரெஸ்டா வால்வு இருக்கும். தேவிபட்டினத்திலோ சாயல்குடியிலோ ஒரு சைக்கிள் கடையில் உள்ள பம்ப் அதில் பொருந்துமென்று நம்பிப் போக முடியாது. பித்தளையில் ஒரு சின்ன அடாப்டர் கிடைக்கும். அதைத் திருகி மாட்டினால் பெட்ரோல் பங்க் காற்றுக்குழாய் பொருந்தும். இரண்டு டியூப், ஒட்டுப் பெட்டி, கைப்பம்ப், இரண்டு லீவர், மல்டிடூல், அடாப்டர், துணி, முள்வாங்கி: இவ்வளவும் சீட்டுக்கு அடியில் ஒரு சிறு பையில் அடங்கும். டியூப்லெஸ் போட்டிருந்தால், உள்ளே ஊற்றும் திரவம் இந்த வெக்கையில் இரண்டு மூன்று மாதத்தில் காய்ந்துவிடும் என்பதை நினைவில் வைத்து மறுபடி ஊற்றுங்கள்.

பயிற்சிக்குப் பெரிய விஞ்ஞானம் வேண்டாம். இப்போது 20 கிலோமீட்டர் சிரமமில்லாமல் ஓட்ட முடிகிறது என்றால் பன்னிரண்டு வாரம் போதும். வார நாட்களில் இரண்டு முறை ஒரு மணி நேரம், ஞாயிற்றுக்கிழமை ஒரு நீண்ட ஓட்டம். அந்த நீண்ட ஓட்டம் 30, 40, 50, மறுபடி 35, பிறகு 60, 75, 90, இறங்கி 60, ஏறி 110, 150 என்று போகட்டும். கடைசி இரண்டு வாரம் 40-க்கு மேல் வேண்டாம். நடுநடுவே இறக்குவது சோம்பலுக்காக அல்ல, உடம்பு அந்த வாரத்தில்தான் தேறுகிறது.

குடிப்பதும் தின்பதும்தான் பலரை 120-வது கிலோமீட்டரில் நிறுத்திவிடுகிறது. கடற்கரையில் காற்றில் ஈரம் அதிகம், வியர்வை உலராமல் வடியும், உடம்பு குளிராது. மணிக்கு அரை முதல் முக்கால் லிட்டர், வெயில் ஏறினால் ஒரு லிட்டர் வரை. வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் ரத்தத்தில் உப்பு நீர்த்துத் தலைவலியும் குமட்டலும் வரும். அதைத் தாகம் என்று நினைத்து மேலும் தண்ணீர் குடிப்பார்கள், நிலைமை மோசமாகும். ஒரு பாட்டிலில் தண்ணீர், இன்னொன்றில் ஓ.ஆர்.எஸ். பெரிய பொட்டலம் ஒன்று ஒரு லிட்டருக்கு, அரை லிட்டர் பாட்டிலில் பாதிதான் போட வேண்டும். முழுவதையும் கொட்டினால் வயிறு கலக்கும். எவ்வளவு வியர்க்கிறது என்று தெரிய, ஒரு மணி நேரப் பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் போயிருக்கிறது, நடுவில் குடித்ததை அதோடு கூட்டிக்கொள்ளுங்கள். வழியில் ஊற்றுத் தண்ணீரையோ குழாய்த் தண்ணீரையோ நம்பாதீர்கள், பல இடங்களில் உவர்ப்பு.

உணவில் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து போக வேண்டும். ஒரு வாழைப்பழத்தில் 20 முதல் 25 கிராம் இருக்கும். வாழைப்பழம், பேரீச்சம்பழம், கடலை மிட்டாய், கருப்பட்டித் துண்டு, இவை போதும், இறக்குமதி ஜெல் தேவையில்லை. பசிப்பதற்கு முன்பே தின்னத் தொடங்க வேண்டும். கிளம்பி முக்கால் மணியில் முதல் வாய், பிறகு அரை மணிக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சம். கண்ட்ரோலில் பரோட்டா, சால்னா, முழுச் சாப்பாடு வேண்டாம். ரத்தம் வயிற்றுக்குப் போய்விடும், கால் கனக்கும். இட்லி, தயிர்சாதம் போதும். பனங்காட்டு ஊர்களில் பங்குனி, சித்திரையில் நுங்கும் காலைப் பதநீரும் கிடைத்தால் விடாதீர்கள். வெயில் ஏறியபின் பதநீர் புளிக்கத் தொடங்கிவிடும், அதைத் தொடாதீர்கள். வெயிலில் திடீரென்று உடம்பு சிலிர்த்தாலோ, பேச்சு குழறினாலோ, தடுமாறினாலோ அன்றைய ஓட்டம் அத்தோடு முடிந்தது. நிழலில் படுத்து, கழுத்திலும் அக்குளிலும் தொடை இடுக்கிலும் தண்ணீர் ஊற்றி, 108-ஐ அழைக்கச் சொல்ல வேண்டும்.

நிற்கும் நேரத்தையும் முன்கூட்டியே ஒதுக்குங்கள். சராசரி 20 வேகத்தில் ஓட்டினால் 200-க்கு 10 மணி நேரம் மிதிப்பு, மீதம் மூன்றரை மணி நேரம். கேட்க நிறைய இருப்பதுபோலத் தெரியும். நான்கு நிறுத்தத்தில் ஒவ்வொன்றுக்கும் அரை மணி நேரம், ஒரு பஞ்சர், பதினொன்றிலிருந்து மூன்று வரை வெயிலில் கொஞ்சம் நிழல் என்று பார்த்தால் அது கரைந்துவிடும். கண்ட்ரோலில் முதலில் முத்திரை, அடுத்து பாட்டில் நிரப்புதல், அதன் பிறகு உட்காருதல் என்ற வரிசையை மாற்றாதீர்கள்.

முடித்துவிட்டு வந்த இரவே சைக்கிளைக் கழுவ வேண்டும். கரையோரக் காற்றில் உப்பு பறந்து வரும், தனுஷ்கோடிப் பக்கம் போய்வந்த செயின் மறுநாள் காலையில் சிவந்திருக்கும். நல்ல தண்ணீரை வாளியில் எடுத்து, குவளையால் ஊற்றிக் கழுவுங்கள். வண்டி கழுவும் பீய்ச்சுக்குழாய் வேண்டாம், அது ஹப்பிலும் பெடல் அச்சிலும் உள்ள கிரீஸைத் தள்ளி உப்புத் தண்ணீரை உள்ளே விட்டுவிடும். துணியால் துடைத்து உலர்த்தி, செயினின் ஒவ்வொரு உருளைக்கும் ஒரு சொட்டு எண்ணெய், ஐந்து நிமிடம் சுழற்றிவிட்டு வெளியே வழிந்ததை முழுவதும் துடைத்துவிடுங்கள். எண்ணெய் வெளியே நின்றால் மணல் ஒட்டி அரைத்துவிடும். மாதம் ஒருமுறை சீட் தண்டைக் கழற்றி கிரீஸ் தடவிப் போடுங்கள். கழற்றும் முன் உயரத்தை டேப்பால் அடையாளம் வையுங்கள். அலுமினியத் தண்டு உப்பில் பிடித்துக்கொண்டால் பிறகு சட்டத்தை அறுத்துத்தான் எடுக்க வேண்டிவரும். கார்பன் சட்டமோ தண்டோ என்றால் கிரீஸ் கூடாது, அதற்கென்று விற்கும் பசையைத்தான் தடவ வேண்டும்.